ஓரம் இருட்டிய குடும்பப் படம்

ஆல்பம் வேலை செய்கிறவளிடம் யாரும் எதையும் நேராகக் கேட்பதில்லை. "கொஞ்சம் பளிச்சுனு போடுங்க மேடம்" என்றால் பெண்ணைச் சிவப்பாக்கு என்று அர்த்தம். "இந்தப் பக்கம் கூட்டமா தெரியுது இல்ல?" என்றால் அங்கே நிற்கும் பங்காளியை எடுத்துவிடு என்று அர்த்தம். பல வருஷமாக இந்த நாற்காலியைத் தேய்த்ததில் இந்தப் பூசி மெழுகும் பேச்சு எனக்கு அத்துப்படி. அதனால், "படத்துல ஓரத்தை மட்டும் கொஞ்சம் இருட்டு பண்ண முடியுமாம்மா?" என்று அம்மா போனில் கேட்டபோது, யாரை மனதில் வைத்துக் கேட்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாதவள் மாதிரி, "எதுக்கும்மா, கலர் நல்லாத்தானே இருக்குது" என்றேன். அம்மா, அரிசி ஊற வைக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

நான் வேலை செய்யும் ஸ்டூடியோ சின்ன காஞ்சிபுரத்தில், ஒரு ஜரிகைக் கடைக்கு மாடியில் இருக்கிறது. முதலாளி கல்யாணம் கல்யாணமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவார். நான் உள்ளறையில் உட்கார்ந்து அவற்றைத் திருத்தி ஆல்பமாக அடுக்குவேன். அவர் எடுக்கும் எந்தக் கல்யாணப் படமும் ஓரம் இருட்டாமல் வெளியே போகாது. வின்யெட் என்று அதற்குப் பெயர். சாஃப்ட்வேரில் அதற்கென்று ஒரு ஸ்லைடர் உண்டு. இடது பக்கம் இழுத்தால் படத்தின் ஓரங்கள் கறுக்கும், வலது பக்கம் இழுத்தால் வெளுக்கும். இருட்டு எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதற்கு ஒன்று, அது கோடு கிழித்தது போல் தெரியாமல் கரைவதற்கு ஒன்று என்று கூடவே இன்னும் இரண்டு உண்டு. மூன்றையும் அளவாக வைத்தால், மண்டபத்தில் கவிழ்ந்து கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, சாம்பார் வாளியோடு ஓடுகிறவர், மேடை ஓரத்தில் கொட்டாவி விடும் சித்தப்பா எல்லாரும் அடங்கிப்போவார்கள். மாலையும் முகமும் மட்டும் எழுந்து வரும். செய்திருப்பதே தெரியக் கூடாது, அதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

என் தம்பியின் கல்யாணப் படங்களும் என்னிடம்தான் வந்தன. முதலாளியே வந்து எடுத்தார். வீட்டுக் கல்யாணம் என்பதால் ஆல்பத்தை நான் ராத்திரி பகலாக இழைத்துக்கொண்டிருந்தேன் என்று வெளியே பேச்சு. உண்மையில் அந்த ஃபோல்டரைத் திறப்பதற்கே எனக்கு மனசு வரவில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றால் என் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுக்குத் தாமல் பக்கத்தில் ஒரு கிராமம். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், ஊர்த்தெருவில் வீடு, பஞ்சாயத்து தேர்தல் வந்தால் எங்கள் சித்தப்பா யாராவது நிற்பார். என் வீட்டுக்காரர் மாகறல் பக்கத்தில் ஒரு காலனியைச் சேர்ந்தவர். ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். ஸ்டூடியோ ஏசி தண்ணீர் ஒழுகிய ஒரு மாசத்தில் அடிக்கடி வந்தார். அது ஒழுகுவது நின்ற பிறகும் வந்தார். நாங்கள் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். அப்பா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேசாமலே செத்தும் போனார். அவர் போன பிறகுதான் அம்மா எனக்கு போன் செய்ய ஆரம்பித்தாள்.

அம்மா கெட்டவள் இல்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரரை வீட்டுக்குள் விடுவாள், சாப்பாடு போடுவாள், உடம்பு எப்படி என்று கேட்பாள். ஃபிரிட்ஜ் நின்றுபோனால், "உன் வூட்டுக்காரரு இந்தப் பக்கம் வருவாராம்மா?" என்பாள். டீ கொடுக்கும்போது மட்டும் எனக்கு டம்ளரில் வரும், அவருக்குப் பேப்பர் கப்பில் வரும். ஏன் என்று கேட்டதற்கு, "கொரோனா வந்ததுல இருந்து வர்றவங்க எல்லாருக்கும் அதுலதாம்மா" என்றாள். அவர் என் பக்கம் திரும்பி, டீ நன்றாக இருக்கிறது என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன்.

தம்பி கல்யாணத்துக்கு அவர் வந்தார். புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஃபேன் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பப் படம் எடுக்கும் நேரத்தில் எல்லாரும் மேடையில் ஏறிவிட்டார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது மணப்பெண். வந்து ஒரு மணி நேரம் கூட ஆகாத பெண், எங்கள் வீட்டுக் கணக்குவழக்கு எதுவும் தெரியாதவள், மேடையிலிருந்தே கையாட்டி, "அண்ணா, நீங்களும் வாங்க" என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. இவர் ஏறிவந்து என் பக்கத்தில், இடது ஓரத்தில், கடைசி ஆளாக நின்றார்.

வலது ஓரத்தில் கடைசி ஆள் அம்மா. அவளை யாரும் அங்கே நிறுத்தவில்லை. தாலி கட்டும்போது கூட அவள் மேடைக்கு வராமல் தூண் பக்கத்தில் நின்று அட்சதை போட்டாள். புருஷன் போனவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலாளி விடாமல் கூப்பிட்டதால் படத்துக்கு மட்டும் வந்து, சித்தியிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்றாள். தம்பி கெஞ்சிக் கட்ட வைத்த அரக்கு நிறப் பட்டு. முகத்தில் ஒரு சிரிப்பு. அப்பா போன பிறகு அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

படம் வந்த பிறகு அம்மாவின் முதல் கோரிக்கை, அப்பாவை அதில் சேர்க்க வேண்டும் என்பது. இறந்தவரைப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எங்கள் தொழிலில் தினப்படி வேலை. ஏதோ ஒரு பழைய நிச்சயதார்த்தத்தில் எடுத்த அப்பாவின் படத்தைத் தேடிப் பிடித்தேன். வெளிச்சம் எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தது, திருப்பிப் போட்டேன். காதோரத்து நரைமுடியை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். மண்டப விளக்கின் மஞ்சளை அவர் கன்னத்தில் ஏற்றினேன். மணமக்களுக்குப் பின்னால், நடுவில், எதுவுமே நடக்காதவர் போல் அப்பா நின்றார். உயிரோடு இருந்திருந்தால் என் வீட்டுக்காரரோடு ஒரே வரிசையில் நின்றிருக்க மாட்டார். நான் நிற்க வைத்தேன். அதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

"பக்கத்துல உன்னையும் நகர்த்தி வெச்சிடவாம்மா?" என்று கேட்டேன். "வேணாம்மா, நான் நின்ன எடத்துலயே இருக்கேன்" என்றாள். இந்த ஒரு படத்தை மட்டும் ஓரம் இருட்டாக்காமல் பெரிய சைசில் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, கூடத்தில் நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு. தம்பி ஆணி கூட அடித்துவிட்டான்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஓரத்தை இருட்டு பண்ணச் சொன்ன அந்த போன் வந்தது. அம்மா விஷயத்தை மென்று முழுங்கிவிட்டாள். தங்கை மறுநாள் போன் செய்து உடைத்துச் சொன்னாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழமை என்னைப் பாக்க வர்றாங்க. மாகறல் பக்கம். அவங்க வூட்டுலயே மாமாதான் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ணினாராம். பாத்தா கண்டுபிடிச்சிடுவாங்க."

"அவங்ககிட்ட இன்னா சொல்லி வெச்சிருக்கீங்க?"

"அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி, வூட்டுக்காரரு ஏசி கம்பெனின்னு சொல்லிருக்குது அம்மா. அவ்ளோதான்."

"அப்போ படத்தை ஞாயித்துக்கெழமை மாட்டாதீங்க. திங்கக்கெழமை மாட்டுங்க."

"அப்பா நடுவுல நிக்கிற படம் கூடத்துல இருக்கணும்னு அம்மா சொல்லுதுக்கா. பெரிய ஆம்பளை இல்லாத வூடுன்னு நெனைச்சிடுவாங்களாம். நான் மாமாவைக் கொறைச்சு சொல்லலக்கா. எனக்கும் வயசாவுது."

அவளுக்கு முன்னே வந்த இடங்கள் தட்டிப்போனது என்னால்தான் என்று வீட்டில் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லாததால் அது நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் காதலித்ததற்கு அவள் ஏன் காத்திருக்க வேண்டும்? அதே சமயம், அவள் கல்யாணத்துக்கு என் புருஷன் ஏன் காணாமல் போக வேண்டும்? இரண்டு கேள்வியும் நியாயமாகத்தான் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் நான்தான் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு போன் செய்தேன். கோபத்தில், "பேசாம அவரை அழிச்சே குடுத்துடறேன். நிமிஷ வேலை. நின்ன எடம் தெரியாம பூ அலங்காரத்தை வெச்சி மூடிடலாம்" என்றேன்.

அம்மா பதறிப்போனாள். "ஐயோ, அப்பிடிலாம் பண்ணாதம்மா. உசுரோட இருக்கறவங்களைப் படத்துல இருந்து எடுக்கக் கூடாது. அவரு ஆயுசு நல்லா இருக்கணும். நீ நல்லா இருக்கணும். அவரு இருக்கட்டும். தெரியக் கூடாது, அவ்ளோதான்."

அவளுக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. என் தாலி நீடிக்க வேண்டும் என்று அவள் நினைப்பதும் நிஜம், அதைக் கட்டியவரின் முகம் கூடத்துச் சுவரில் தெரியக் கூடாது என்று அவள் நினைப்பதும் நிஜம். இப்படிப்பட்டவளோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். மறைத்து வைக்க எனக்கு வராது. அவர் ஏசிக்கு அடைக்கிற கேஸ் சிலிண்டரை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து முடிச்சை இறுக்கினார்.

"பண்ணிக் குடுத்துடு" என்றார்.

"உனக்குக் கோவமே வராதாப்பா?"

"வந்து இன்னா பண்றது? உன் தங்கச்சிக்கு எடம் அமையலன்னா அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லுவாங்க." கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. ஃபிரிட்ஜ் நின்னுபோச்சின்னு இனிமே எனக்கு போன் வரக் கூடாது. சொல்லிடு."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வேலை இருந்ததா, சும்மா சுற்றினாரா தெரியாது. நான் கேட்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை யோசனை என்று சொல்வதா, கெட்ட புத்தி என்று சொல்வதா தெரியவில்லை. ஸ்லைடரை இழுத்தால் நான்கு ஓரமும் ஒன்றாகத்தான் இருட்டும். இடது ஓரத்தில் அவர் மறைகிற அளவுக்கு இழுத்தால் வலது ஓரத்தில் அம்மாவும் மறைந்துபோவாள். ஒரு பக்கத்தை மட்டும் பிரஷ்ஷால் இருட்டாக்கலாம்தான். ஆனால் அது கரி பூசினது போல் அசிங்கமாகத் தெரியும். பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளைப் பொறுத்தவரை ஓரத்தை இருட்டாக்குவது என்றால் அவர் நிற்கும் ஓரத்தை இருட்டாக்குவது. தானும் ஒரு ஓரத்தில் நிற்கிறோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவளை நேரில் வரவழைத்துத் திரையில் காட்டினால் விட்டுவிடுவாள் என்று நம்பினேன். அப்படி நம்பக் காரணம் இருந்தது. தங்கை ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா அந்தப் படத்தை போன்ல பெருசாக்கிப் பெருசாக்கி தன் மூஞ்சியையே பாத்துக்கினு இருக்குதுக்கா." அப்பா போன பிறகு அம்மாவுக்கென்று இருக்கும் ஒரே நல்ல படம் அதுதான். அதை விட மாட்டாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வேறு ஏதாவது சாக்கு சொல்லிக்கொள்ளட்டும், படம் இருக்கிறபடியே மாட்டட்டும் என்பதுதான் என் கணக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும், கையில் துளசி. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. முதலாளி வெளியே போயிருந்தார். என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். முதலில் படத்தை எதுவும் செய்யாமல் காட்டினேன். அவ்வளவு பெரிய திரையில் அவள் அதைப் பார்த்ததில்லை.

"அப்பா எவ்ளோ நல்லா வந்துக்கிறாரு" என்றாள். கண் தானாக வலது ஓரத்துக்குப் போனது. தன் முகத்தைப் பார்த்து, முந்தானையைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப பாரும்மா" என்று சொல்லிவிட்டு ஸ்லைடரை இடது பக்கம் இழுத்தேன். படத்தின் நான்கு மூலையிலிருந்தும் இருட்டு உள்ளே நகர்ந்தது. மேடைப் பூ மங்கியது. என் வீட்டுக்காரர் தோள் மங்கியது, முகம் மங்கியது. இந்தப் பக்கம் அம்மாவின் பட்டும் சிரிப்பும் மங்கின. நடுவில் மணமக்களும் அப்பாவும் பளிச்சென்று நின்றார்கள். நன்றாகத்தான் இருந்தது படம். அதுதான் வயிற்றெரிச்சல்.

அம்மா திரைக்குக் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள்.

"ஒரு பக்கம் மட்டும் பண்ண முடியாது, பாத்துக்கோ" என்றேன். "அவரு போனா நீயும் போயிடுவ. இன்னா சொல்ற?"

அவள் தன் முகம் மங்கிப்போன ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஃபைலை மூடத் தயாராகக் கையை வைத்திருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் இருட்டு பண்ணலாமாம்மா?" என்றாள். "அவரு சட்டை வெள்ளையா தெரியுது."

"இதுக்கு மேல இழுத்தா உன் மூஞ்சி சுத்தமா தெரியாதும்மா. ஆள் யாருன்னே தெரியாது."

"நான் தெரிஞ்சி இன்னாம்மா ஆவப் போவுது?"

கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் குத்திக் காட்டவும் இல்லை. மார்க்கெட்டில் மீந்த காயை வேண்டாம் என்று ஒதுக்குகிற குரல். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவருக்காக வந்ததா அவளுக்காக வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

"நான் இழுக்க மாட்டேன்" என்று மவுஸை அவள் பக்கம் தள்ளினேன். "வேணும்னா நீயே இழுத்துக்கோ."

தொட மாட்டாள் என்று நினைத்தேன். அம்மா துளசியை மடியில் வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மவுஸ் மேல் உள்ளங்கையை அப்படியே பரத்தி வைத்து, "எதை அழுத்தணும்?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. நான் செய்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். விரலை அழுத்தி, ஸ்லைடரைப் பிடித்து, இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி, தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை சாம்பலாகி, பிறகு அதுவும் போனது. இந்தப் பக்கம் அவள் முகத்தில் மிச்சமிருந்த கொஞ்சமும் போனது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் இழுத்தாள்.

"இது போதும்மா" என்று கையை எடுத்தாள். "இதையே பிரிண்ட் போட்டுடு."